விழுங்கிய குளிசை திரும்பி வராது: பல் சிகிச்சைப் பயத்துக்கு வாய்வழித் தணிப்பு, புதிதாகத் தொடங்குவோருக்கு

“மயக்கிப்போட்டுக் கழட்டேலாதா டொக்டர்?” மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல் கிளினிக் கதிரையில் உட்காருமுன்பே பலர் கேட்கும் கேள்வி இது. அவர்கள் கேட்பது மயக்கம். நாம் கொடுக்கக்கூடியது தணிப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பதை நோயாளிக்கு விளங்கவைப்பதுதான் முதல் வேலை. குளிசை போட்டபின்னும் அவர் விழித்திருப்பார், கூப்பிட்டால் பதில் சொல்வார், தானாகவே மூச்சுவிடுவார். பயத்தின் கூர்மை மட்டும் மழுங்கியிருக்கும். வலி போகாது. விறைப்பு ஊசி எப்படியும் வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், “நித்திரையாக்குறன் எண்டு சொல்லிப்போட்டு ஊசி அடிச்சிட்டாங்க” என்ற கோபத்தோடுதான் வீட்டுக்குப் போவார்.

தனியார் கிளினிக்கிலோ ஆதார வைத்தியசாலையிலோ புதிதாக வேலை தொடங்கும் பல் வைத்தியர்களுக்கும், கதிரையருகே நிற்கும் உதவியாளர்களுக்கும் இது எழுதப்படுகிறது. வளர்ந்தவர்களுக்கு மட்டும். பிள்ளைகளுக்கு வாய்வழித் தணிப்பு கொடுப்பது தனிப் பயிற்சி வேண்டிய வேலை. ஆழம் சட்டென்று கூடும், மூச்சுக்குழாய் சிறியது. அதைத் தனிக் கிளினிக்கில் பழகிப் பார்க்க வேண்டாம். மயக்கவியல் நிபுணர் உள்ள வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

ஊசியால் இரத்த நாளத்தில் ஏற்றும் மருந்தைத் துளித்துளியாகக் கூட்டலாம், போதும் என்றால் நிறுத்தலாம். குளிசைக்கு அந்த வசதி இல்லை. தொண்டையைத் தாண்டினால் பிறகு எல்லாம் அவருடைய குடலும் ஈரலும் நடத்துகிற கணக்கு. ஆகவே யோசிக்க வேண்டியதை எல்லாம் அவர் விழுங்குவதற்கு முன் யோசித்து முடித்துவிட வேண்டும்.

உண்மையில் குளிசை தேவையா?

பயம் என்று சொல்லும் எல்லோருக்கும் மருந்து தேவையில்லை. பல் சிகிச்சைப் பயத்தை அளக்கும் எம்.டி.ஏ.எஸ். என்ற ஐந்து கேள்விப் படிவத்தைத் தமிழில் எழுதி வைத்திருங்கள். நாளைக்குப் பல் வைத்தியரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது, பல்லைக் குடையும்போது, பல்லைச் சுத்தம் செய்யும்போது, மேல் கடைவாய்ப் பல்லின் முரசில் ஊசி போடும்போது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. மொத்தம் 25. 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் பயம்.

மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். நாலு கேள்விக்கு 2 போட்டு ஊசிக்கு மட்டும் 5 போட்டவருக்கு ஊசிதான் பிரச்சினை. முரசை உலர்த்தி, விறைப்புக் களிம்பு பூசி 2 நிமிடம் விட்டு, ஒரு மில்லிலீற்றர் போக ஒரு நிமிடம் எடுத்து மெதுவாக ஊசியை ஏற்றினால் அநேகமாகக் குளிசைக்கே இடமிராது. “இடது கையைத் தூக்கினா உடனே நிப்பாட்டுவன்” என்று சொல்லி, முதல் தடவை கை தூக்கும்போது சொன்னபடியே நிறுத்துவதும் பெரிய மருந்து. நிறுத்தாவிட்டால் அந்த வாக்குக்கு அதோடு மதிப்பில்லை.

யாருக்குக் கொடுக்கக் கூடாது

கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்குங்கள். “வருத்தம் ஒண்டும் இல்ல” என்று சொல்பவரின் பையில் மூன்று வகைக் குளிசை இருக்கும். ஆரோக்கியமானவர், அல்லது கட்டுப்பாட்டில் உள்ள லேசான பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர் என்றால் கிளினிக்கில் செய்யலாம். கீழே உள்ளவர்களுக்குக் கிளினிக்கில் வேண்டாம்:

கடும் நுரையீரல் நோய், நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் நோய், தசைச் சோர்வு நோயான மயஸ்தீனியா கிராவிஸ், கடுமையான ஈரல் பாதிப்பு, திடீர் குறுகிய கோணக் குளுக்கோமா, கர்ப்பம், பால் கொடுக்கும் காலம். பிரஷர் 180/110 அல்லது அதற்கு மேல் என்றால் தணிப்பையும் பல் பிடுங்குவதையும் சேர்த்தே தள்ளிப்போடுங்கள்.

குறட்டையைப் பற்றி நோயாளியிடம் கேட்டுப் பயனில்லை. கூட வந்த மனைவியிடமோ பிள்ளையிடமோ கேளுங்கள்: “வாப்பா குறட்டை விடுற நேரம் இடையில மூச்சு நிண்டு போறதா?” ஆம் என்றால், அதுவும் கழுத்துத் தடித்த ஆளாக இருந்தால், குளிசையை மறந்துவிடுங்கள்.

வாயைத் திறக்கச் சொல்லி அவருடைய மூன்று விரலை நிமிர்த்தி உள்ளே வைக்கச் சொல்லுங்கள். வெற்றிலை, பாக்கு நீண்டகாலம் போட்டவர்களில் கன்னத்தின் உட்புறம் நார்ப்பிடித்து இரண்டு விரல்கூட நுழையாத வாய்கள் நம் பக்கத்தில் நிறையவே உண்டு. அப்படியான வாயில் நாக்கு பின்னே சரிந்தால் வழியைத் திறப்பது பெரும்பாடு. அதேபோல, தாடைக்குக் கீழே வீங்கி, விழுங்கவும் வாய் திறக்கவும் கஷ்டப்பட்டு வரும் சீழ்க்கட்டிக்காரர் எவ்வளவு பயந்தாலும் அவருக்குத் தணிப்பு இல்லை. அவர் நேரே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறைப் பொது வைத்தியசாலைக்கோ போக வேண்டியவர்.

பிறகு குடி. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டு “குடிப்பீங்களா?” என்று கேட்டால் “இல்ல” என்றுதான் பதில் வரும். “நேத்து இரவு எவ்வளவு? சாராயமா, கள்ளா, கசிப்பா?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் குடித்தவருக்கு அன்று கிடையாது. நாட்டு மருந்தையும் கேளுங்கள். மதன மோதகத்தில் கஞ்சா சேர்ந்திருக்கும், அது தணிப்போடு கூடும். ட்ரமடோல், கோடீன் போன்ற ஓபியொயிட் வலிக்குளிசைகளோடு நாம் கொடுக்கும் டயசிபாம் வகைத் தணிப்புக் குளிசை சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். வலிப்புக்கோ மனநலத்துக்கோ தினமும் குளிசை எடுப்பவராயின், எழுதிக்கொடுத்த வைத்தியரோடு பேசாமல் எதையும் தொடாதீர்கள். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்றவை மிடசோலம் என்ற தணிப்பு மருந்தை ஈரல் உடைப்பதைத் தடுக்கும். ஒரு குளிசை பல குளிசை போல வேலை செய்யும். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு எரித்ரோமைசின் எழுதிக் கொடுத்தது நாமேயாகவும் இருக்கலாம்.

எந்த மருந்து, எவ்வளவு

தொடங்குபவருக்கு ஒரே மருந்து போதும்: டயசிபாம். 1963 முதல் பாவனையில் உள்ளது, மலிவு, நடத்தை தெரிந்தது. வளர்ந்தவருக்கு 5 மில்லிகிராம், வேலை தொடங்க ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு முன். முதல் தடவை 5 போதாமல் போனது என்று பதிவு இருந்தால் மட்டும் அடுத்த வருகையில் 10. அதற்கு மேல் கிளினிக்கில் போக வேண்டாம். 65 வயதைத் தாண்டியவர், மெலிந்து தளர்ந்தவர் என்றால் அரைவாசி; 2 மில்லிகிராம் குளிசை இருந்தால் அதில் ஒன்று.

இதன் குறை நீளம். உடம்பில் பாதியாகக் குறையவே 20 முதல் 50 மணி நேரம் செல்லும், உடைந்து வரும் பொருளும் வேலை செய்யும். லொராசிபாம் 1 மில்லிகிராமுக்கு அந்த நேரம் 10 முதல் 20 மணி, ஆனால் உச்சத்துக்கு வர 2 மணி எடுக்கும். கிளினிக்கில் காத்திருக்கவைப்பது சிரமம். மிடசோலம் வேகமாக வந்து வேகமாகப் போகும். அந்த வேகமே ஆபத்தும்: வாய்வழியாகக் கொடுத்தாலும் ஆழமான தணிப்புக்குள் தள்ளிவிடலாம். பயிற்சி எடுக்குமுன் வேண்டாம்.

முதல்நாள் இரவு நித்திரையே வராது என்பவருக்கு அன்றிரவு 5 மில்லிகிராம் ஒன்று கொடுக்கலாம். ஒரே ஒரு குளிசையை உறையில் போட்டு, நேரத்தை எழுதிக் கொடுங்கள். அட்டையாகக் கொடுத்தால் மிச்சம் மாமிக்கும் மச்சானுக்கும் போகும். இரவு எடுத்ததில் பெரும்பகுதி காலையிலும் இரத்தத்தில் இருக்கும் என்பதால் காலை அளவை 10 ஆக்காதீர்கள். இரவு குளிசை போட்டவர் காலையில் தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வரவும் கூடாது.

நாளும் நேரமும்

நம் பக்கத்துத் தனியார் கிளினிக்குகள் பெரும்பாலும் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். தணிப்புக்கு அது ஆகாத நேரம். ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு நோயாளி இன்னும் தள்ளாடுவார், உதவியாளர் வீட்டுக்குப் போகத் துடிப்பார், கடைசி பஸ்ஸும் போயிருக்கும். சனி அல்லது ஞாயிறு காலை, முதல் ஆளாக, அன்று அந்த ஒருவர் மட்டும்.

நோன்பு காலத்தில் பகலில் குளிசையும் தண்ணீரும் நோன்பை முறிக்கும். அவசரமில்லாத வேலையைப் பெருநாளுக்குப் பின் வையுங்கள். அவசரம் என்றால் முடிவு நோயாளியுடையது. நீங்கள் மருத்துவக் காரணத்தை மட்டும் சொல்லுங்கள்.

சம்மதக் கையெழுத்தைக் குளிசைக்கு முன்பே, முடிந்தால் முந்தைய வருகையிலேயே வாங்குங்கள். டயசிபாம் உள்ளே போன பிறகு போட்ட கையெழுத்துக்குப் பெறுமதி இல்லை. எந்தப் பல், எத்தனை பல் என்பதையும் அப்போதே எழுதுங்கள். கதிரையில் அரைக்கண்ணோடு கிடப்பவரிடம் “இதையும் சேத்துக் கழட்டவா?” என்று கேட்பது சம்மதம் அல்ல.

மேசையில் இருக்க வேண்டியவை

விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி, பிரஷர் கருவி, சீனி பார்க்கும் கருவி. ஒட்சிசன் சிலிண்டர், முகமூடி, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் வளர்ந்தோர் அளவு அம்பு பை. நாக்கை முன்னே பிடிக்கும் கெடல் குழாய் 2, 3, 4ஆம் அளவுகள். உறிஞ்சு கருவி, அது நின்றால் கையால் இயக்கக்கூடிய இன்னொன்று. மின்சாரம் நம்மிடம் கேட்டுவிட்டுப் போவதில்லை. நாளத்தில் மருந்தேற்ற 20, 22 அளவு கனுலா, டயசிபாம் வகையின் வேலையை முறிக்கும் ஃப்ளுமசெனில், அட்ரினலின், குளுக்கோஸ். 680 லீற்றர் கொள்ளும் நிரம்பிய சிலிண்டர் நிமிடத்துக்கு 10 லீற்றர் வீதம் 68 நிமிடம் வரும். பாதி என்றால் அரை மணி. உங்கள் கிளினிக்கில் இருந்து வைத்தியசாலைக்கு அம்புலன்ஸ் வந்து போக எவ்வளவு நேரம் என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். காலையில் முள் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்து எழுதுவது உதவியாளரின் முதல் வேலை.

இன்னொரு விதி, மருந்தைவிட முக்கியமானது: தணிப்பில் உள்ள நோயாளியோடு வைத்தியர் ஒரு நிமிடமும் தனியே இருக்கக் கூடாது. இந்த வகை மருந்துகள் பாலியல் சார்ந்த மாயத் தோற்றங்களை உண்டாக்கலாம் என்பது பதிவான விடயம். நோயாளி பெண் என்றால் பெண் உதவியாளர் அறையிலேயே நிற்க வேண்டும். இது நோயாளிக்கும் காப்பு, உங்களுக்கும் காப்பு.

அன்று காலை

முதலில் கூட வந்தவரைப் பாருங்கள். வளர்ந்த ஆள், கடைசி வரை இருப்பவர், வேறு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராதவர். “தம்பி பிறகு வருவான்” என்றால் தம்பி வந்தபிறகு குளிசை.

சாப்பாடு: 2 மணி நேரத்துக்கு முன் இரண்டு இடியப்பமோ பாணோ, ஒரு பிளேன்டீ. பட்டினி வேண்டாம், சீனி வருத்தக்காரர் பட்டினி இருந்து மயங்கினால் அது மருந்தா சீனிக் குறைவா என்று தடுமாறுவீர்கள். அவர்களுக்குக் குளிசைக்கு முன்பே இரத்தச் சீனி பாருங்கள், 70க்குக் கீழே என்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள். கொழுப்புச் சாப்பாடும் வேண்டாம். வெறும் வயிற்றில் டயசிபாம் ஒன்று, ஒன்றரை மணிக்குள் உச்சத்தைத் தொடும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் அது இரண்டரை மணி வரை இழுபடும். புதியவர்கள் அதிகம் விழும் குழி இங்கேதான். ஒரு மணி நேரமாகியும் நோயாளி நடுங்கிக்கொண்டே இருப்பார். “பிடிக்கல்ல போல” என்று இன்னொன்று கொடுப்பார்கள். பல் கழற்றி, பஞ்சு கடிக்கவைத்து அனுப்பியபின் இரண்டும் சேர்ந்து பஸ்ஸில் வேலை செய்யும். ஒரே நாளில் இரண்டாம் குளிசை இல்லை. யார் கெஞ்சினாலும் இல்லை.

மலசலகூடத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள். பிரஷர், நாடி, ஒட்சிசன் செறிவு மூன்றையும் எழுதுங்கள். கறுப்பு மருதோன்றியும் நகப்பூச்சும் மானியைக் குழப்பும். பூசாத விரலிலோ காதுச்சோணையிலோ மாட்டுங்கள். பிரஷர் பட்டி ஒரு கையில், மானி மறுகையில். ஒரே கையில் இருந்தால் பட்டி இறுகும்போதெல்லாம் அலறும். குளிசையை உங்கள் கண்முன்னே அரைக் கோப்பைத் தண்ணீரோடு கொடுத்து நேரத்தைக் குறித்துவிடுங்கள். அதன்பின் அவர் தனியே எழும்பி நடக்கக் கூடாது. 15 நிமிடத்துக்கு ஒரு தடவை போய்ப் பேச்சுக் கொடுங்கள்.

ஒரு மணி கழித்துக் கதிரைக்கு. தோள் தளர்ந்திருக்கும், பேச்சு கொஞ்சம் இழுபடும், கேட்டதற்கு விளங்கிப் பதில் வரும். அவ்வளவு போதும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் கண் திறக்காவிட்டால் நீங்கள் நினைத்த ஆழத்தைத் தாண்டிவிட்டார். வேலை தொடங்கக் கூடாது.

விறைப்பு ஊசிக்கான, 1:80,000 அட்ரினலின் சேர்ந்த 2 வீத லிக்னோகெயினில் 2.2 மில்லிலீற்றர் கார்ட்ரிஜ் ஒன்றில் 44 மில்லிகிராம் மருந்து உண்டு. கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற இறுக்கமான கணக்கில் 50 கிலோ ஆளுக்கு 5 கார்ட்ரிஜ் எல்லை. ஆனால் லிக்னோகெயின் கூடினால் முதலில் தெரியும் பதற்றத்தையும் நடுக்கத்தையும் டயசிபாம் மூடிவிடும். எல்லையை நெருங்காமல் ஒரு பக்கத்தோடு வேலையை முடியுங்கள்.

வாயைத் திறந்து வைக்கும் கட்டையைத் தவிருங்கள். கையை எடுத்ததும் வாய் மூடிக்கொள்வது ஆழம் கூடுகிறது என்பதற்கு முதல் அடையாளம். கட்டை வைத்தால் அது தெரியாமல் போகும். நூல் கட்டிய துணிப்பஞ்சு நாக்குக்குப் பின்னே இருக்கட்டும், உறிஞ்சு கருவி வாயை விட்டு வெளியே வரக் கூடாது. விழுங்கும் வேகம் குறைந்தவருக்கு உடைந்த பல்துண்டு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

பிசகும்போது

5 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒட்சிசன், நாடி. செறிவு 95க்குக் கீழே இறங்கினால், “அக்கா, நல்லா மூச்சு இழுங்க” என்று சொல்லுங்கள். ஏறாவிட்டால் கருவிகளை வாயிலிருந்து எடுத்து, பஞ்சை எடுத்து, தலையைப் பின்சரித்து தாடையை உயர்த்துங்கள். பெரும்பாலும் நாக்குத்தான் காரணம். 90ஐ நெருங்கினால் முகமூடியில் ஒட்சிசன் 10 லீற்றர், மூச்சு போதாவிட்டால் அம்பு பை, ஒருவர் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். ஃப்ளுமசெனில் இதற்குப் பின்னர்தான்: 0.2 மில்லிகிராம் 15 செக்கனில் இரத்த நாளத்தில், ஒரு நிமிடம் பொறுத்து 0.1, தேவைப்பட்டால் நிமிடத்துக்கு ஒன்றாக மொத்தம் 1 மில்லிகிராம் வரை. அது ஒரு மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும், டயசிபாம் தேயாது. எழும்பி உட்கார்ந்து சிரித்தாலும் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். வலிப்பு உள்ளவருக்கும் நீண்டகாலம் இந்த வகைக் குளிசை எடுப்பவருக்கும் ஃப்ளுமசெனில் வலிப்பைக் கிளப்பலாம்.

சிலருக்கு மருந்து தலைகீழாக வேலை செய்யும்: அழுகை, ஏச்சு, கையை உதறுதல். வயதானவர்களில் கூடுதலாகக் காணலாம். இன்னும் மருந்து கொடுத்து அடக்க முயலாதீர்கள். கருவிகளை அப்புறப்படுத்தி, விளக்கைத் திருப்பி, வீட்டு ஆளை அருகே இருத்தி, ஒட்சிசனைப் பாருங்கள். மூச்சுக் குறைந்தவரும் இப்படித்தான் உதறுவார்.

மருந்து பிடிக்காமலே போனால் அன்று தற்காலிக மருந்தை வைத்து மூடி, அடுத்த நாளைக் குறித்துக்கொடுங்கள். பல் கழற்றாவிட்டாலும் குளிசை உள்ளே இருக்கிறது. துணையில்லாமல் போக முடியாது.

வீட்டுக்கு அனுப்புதல்

வேலை முடிந்து குறைந்தது ஒரு மணி நேரம் கிளினிக்கில். பிரஷரும் ஒட்சிசனும் காலையில் எழுதிய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும், இன்று என்ன நாள் என்று சொல்ல வேண்டும், பிடிக்காமல் பத்து அடி நேராக நடக்க வேண்டும். சட்டென்று எழுப்பாமல் கதிரையில் இரண்டு நிமிடம் நிமிர்ந்து இருக்கவிட்டு எழுப்புங்கள்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றி அனுப்பாதீர்கள். கல்லடியிலோ கல்முனையிலோ இதுதான் வழக்கமான வாகனம் என்பதால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: கார், அல்லது பக்கத்தில் ஒருவர் பிடித்திருக்கும் முச்சக்கரவண்டி. வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போகிறவர் குருமண்வெளி–மண்டூர் பாதையில் (மிதவைப் படகில்) நின்றுகொண்டு வாவியைக் கடக்க வேண்டாம். பட்டிருப்புப் பாலத்தாலோ மண்முனைப் பாலத்தாலோ சுற்றிப் போகட்டும்.

அறிவுரை எல்லாம் துணைக்கு வந்தவருக்கே. நோயாளி தலையாட்டுவார், நாளைக்கு ஒன்றும் ஞாபகம் இராது. பஞ்சு அரை மணி நேரம். வலிக்குப் பரசிற்றமோல், வயிற்றுப்புண் இல்லாவிட்டால் இபுப்ரோபன். ட்ரமடோல், கோடீன், தடிமலுக்குப் போடும் பிரிட்டன் குளிசை, சாராயம் எதுவும் கூடாது. 24 மணி நேரம் வாகனம், கிணற்றடி, அடுப்படி, கடல், உழவு இயந்திரம் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். கைப்பிள்ளையைத் தனியே பார்க்க விடக் கூடாது. காணி உறுதியிலோ அடகுச் சீட்டிலோ கையெழுத்துப் போடவும் கூடாது. அன்றிரவு தனி அறையில் படுக்கவிடாமல், சரித்துப் படுக்கவையுங்கள். உசுப்பியும் எழும்பாவிட்டால், உதடு நீலம் பூத்தால் 1990.

பதிவில் மருந்து, அளவு, கொடுத்த நேரம், ஒவ்வொரு அளவீடும், துணைக்கு வந்தவரின் பெயரும் தொலைபேசியும், வெளியேறிய நேரம். குளிசைப் போத்தல் பூட்டிய அலுமாரியில், எண்ணிக்கை தனிக் கொப்பியில். அன்று பின்னேரம் ஒரு அழைப்பு எடுங்கள், நோயாளிக்கு அல்ல, துணைக்கு வந்தவருக்கு: சாப்பிட்டாரா, கூப்பிட்டால் எழும்புகிறாரா, இரத்தம் நின்றுவிட்டதா.